பழைய வீட்டைப் புதுப்பித்தால் என்ன விலை பெறும்? உங்கள் அனுபவம் என்ன?

வாடகைக்கணக்கு:
வாடகைக்கு விடும் எண்ணத்தில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தரகர் வாசலிலேயே கணக்கை முடித்துவிட்டார்: "வாங்கும் விலையோடு மராமத்துச் செலவைக் கூட்டுங்கள், கொஞ்சம் லாபத்தைச் சேருங்கள், அதுதான் மதிப்பு." போட்ட பணமெல்லாம் விலையாகத் திரும்பும் என்றால் வீட்டில் நஷ்டப்பட்டவர் ஒருவரும் இருக்க மாட்டார். அந்தப் பகுதியில் புதுப்பித்த வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்று கேட்டேன். விளம்பர விலைகளை எடுத்து நீட்டினார். அவை விற்பவரின் ஆசை. எனக்கு வேண்டியது விற்று முடிந்த விலை.

கடந்த 6 மாதங்களுக்குள் விற்றவையாக, ஏறக்குறைய அதே பரப்பும் அதே படுக்கையறைகளும் கொண்ட 3 வீடுகளையாவது தேடுகிறேன். அவற்றில் ஒன்றில் கூடுதலாக ஒரு குளியலறை இருந்தால், அதன் மதிப்பை அந்த வீட்டின் விலையிலிருந்து கழிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். சதுர அடி விலையும் ஏமாற்றும்: பொதுவாகச் சிறிய வீட்டில் அது கூடுதலாகவே இருக்கும். அதை அப்படியே பெரிய வீட்டுக்குப் பெருக்கினால் மதிப்பு ஊதிவிடும்.

கொத்தனார் மகள்:
எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பீட்டாளர் புதிய ஒயரிங்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. சமையலறையில்தான் நின்று நிதானமாகப் பார்த்தார். கூரை ஒழுகாததற்கு யாரும் கூடுதல் விலை தருவதில்லை. ஒழுகினால் மட்டும் குறைப்பார்கள்!

பொறுமைசாலி:
70 சதவீத விதியை எல்லோரும் சொல்கிறார்கள். புதுப்பித்தபின் மதிப்பு 100, மராமத்து 20 என்றால், 70இல் 20 போக 50க்கு மேல் கொடுக்காதே என்பது. அது வாங்கி உடனே விற்பவர்களின் கணக்கு. வைத்திருந்து வாடகை வாங்குபவருக்கு, புதுப்பித்த வீட்டின் மதிப்பை வைத்து வங்கி தரும் மறுகடனும் அதன் தவணையை வாடகை தாங்குமா என்பதும்தான் முக்கியம். வங்கி மதிப்பில் 75 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 100 என்றால், வாங்க 50, மராமத்துக்கு 20 என்று போட்ட 70க்கு மேலேயே கைக்கு வரும். மதிப்பீட்டாளர் 90 என்று எழுதிவிட்டால் வருவது 67.5தான்.

வாடகையும் அப்படியே. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த குடும்பம் கிரானைட் மேடையை மனதாரப் பாராட்டியது. பேரமோ பக்கத்து வீட்டு வாடகையிலிருந்துதான் தொடங்கியது. இப்போதெல்லாம் 100 தேறும் என்று தோன்றினாலும் 90ஐ வைத்தே விலை பேசுகிறேன். விற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.