லயத்தை விட்டுப் போறோம், பூனைகளை என்ன செய்யறது?

கொழுந்துக்கூடை
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, வரிசையா ஒட்டி ஒட்டி ஒத்தை அறையாக் கட்டின பழைய லயத்துல இருக்கோம். மேல மலையில வெடிப்பு விழுந்திருக்கு, சரியலாம்னு எங்க லயத்துக் குடும்பங்கள் எல்லாத்துக்கும் அடுத்த டிவிஷன்ல 7 பேர்ச்சஸ் காணியில தனிவீடு கட்டிக் குடுத்திருக்காங்க. ரோட்டால போனா 4 கிலோமீட்டர், தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில போனா அதுல பாதி. வர்ற மாசம் பால் காய்ச்சறோம்.

எங்க தாத்தா காலத்துலருந்து பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுல கிடந்தவங்க நாங்க. சந்தோஷம் இல்லாம இருக்குமா? ஆனா ராத்திரி தூக்கம் வரல. வீட்டுக்குள்ள ரெண்டு பூனை, தாயும் மகளும். பின்னால விறகு அடுக்கிற மடுவத்துல இன்னும் நாலு, எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலி. கிட்டப் போனா சீறும். மூணு வருஷமா நான்தான் சோறு வைக்கிறேன். மலையில பறிச்ச கொழுந்தை எடை நிறுத்துக் குடுத்துட்டு வந்து முகம் கழுவறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு வச்சிட்டுத்தான் மறுவேலை.

மாமியார் சொல்றாங்க, "பூனைக்கு வீடுதான் பெருசு, ஆளு இல்ல. ஆறையும் இங்கயே விட்டுட்டு வா"ன்னு. நாங்க போனதும் லயத்தை இடிக்கப் போறாங்களாம். எனக்கு ஆறையும் கொண்டு போகணும்னு இருக்கு. முடியுமா?

தலவாக்கலைக்காரன்
தங்கச்சி, உங்க மாமியார் சொன்னதுல பாதி சரி. வீட்டுப் பூனை ரெண்டையும் கொண்டு போங்க. மடுவத்துல இருக்கிற நாலையும் விட்டுடுங்க. அது உங்க பூனையே இல்ல. நீங்க சோறு வைக்காட்டியும் எலி, பல்லின்னு பிடிச்சுப் பிழைக்கும். அதுக்கு அந்தக் கான், அந்த மடுவம், அந்தத் தேயிலை அடிதான் உலகம். புது இடத்துல கொண்டுபோய் விட்டா பயத்துலயே ஓடி, வழி தெரியாம சாகும். எங்க பெரியப்பா ஒரு கடுவனைச் சாக்குல கட்டி, திசை தெரியாம இருக்கட்டும்னு மூணு சுத்து சுத்தி, அடுத்த தோட்டத்துல விட்டுட்டு வந்தாரு. பத்தாம் நாள் அது எங்க வாசல் இஸ்தோப்புல வந்து படுத்திருந்துச்சு, ஒரு கால் கிழிஞ்சு. அதைப் பார்த்ததுலருந்து இந்த வேலையே வேணாம்னு இருக்கேன்.

பீலிக்கரை
அண்ணே, உங்க பெரியப்பா விட்டுட்டு வந்ததுதான் தப்பு, கொண்டு போனது இல்ல. சாக்கை அவிழ்த்த உடனே எந்தப் பூனையும் பழைய இடத்தைத் தேடித்தான் ஓடும். சுத்தினதால அதுக்குத் திசை மறக்காது.

தங்கச்சிக்கு என் அனுபவத்தைச் சொல்றேன். நான் மஸ்கெலியாவிலருந்து வத்தளைக்கும், அங்கருந்து திரும்ப ஊருக்கும் பூனையோட வீடு மாறினவ. பால் காய்ச்சற அன்னிக்குப் பூனையைக் கொண்டு போகாதீங்க. சனம், புகை, மணி, பாட்டுச் சத்தம், கதவெல்லாம் திறந்து கிடக்கும். எல்லாரும் போனப்புறம் கடைசி நடையில கொண்டு போங்க. கூண்டு இல்லைன்னா மரக்கறி ஏத்தற பிளாஸ்டிக் கூடை ரெண்டை வாய்க்கு வாய் வச்சுக் கயித்தால இறுக்கிக் கட்டுங்க, காத்தும் வரும். அது படுத்த பழைய சாக்கையோ சீலையையோ துவைக்காம உள்ள போடுங்க. அந்த வாசம்தான் அதுக்கு வீடு.

புது வீட்டுல முதல்ல ஒரு அறை மட்டும். சோறு, தண்ணி, மண் போட்ட தட்டு எல்லாம் அதுக்குள்ளயே. மூணு நாலு வாரம் வெளிய விடவே கூடாது. கத்தும், கதவைப் பிறாண்டும், மனசு இளகக்கூடாது. அப்புறம் பசியோட இருக்கிற நேரமாப் பார்த்துக் கொஞ்சம் வெளிய விட்டு, தட்டைத் தட்டிக் கூப்பிட்டா வந்துடும். குறுக்குப் பாதை 2 கிலோமீட்டர்னு சொல்றீங்க. அது பூனைக்கு ஒரு ராத்திரி நடை. அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

பினாயில் ஊத்தி வீட்டைக் கழுவினா நல்லாத் தண்ணி விட்டு அலசிக் காயவிடுங்க. பாதத்துல ஒட்டி, நக்கினா பூனைக்கு விஷம்.

ஓணான் நண்பன்
நான் வேற பக்கமிருந்து பேசறேன் அக்கா, கோவப்படாதீங்க. புது வீடு இருக்கிற டிவிஷனுக்கு மேல காடு இருக்கா? எங்க பக்கம் காட்டோரத்துல மூக்குல கொம்பு வச்ச ஓணான் இருக்கு. நம்ம மலைநாட்டை விட்டா உலகத்துல எங்கயும் கிடையாது. மெதுவா அசையற பிராணி, பூனைக்கு விளையாட்டுச் சாமான். குருவிகளும் அப்படித்தான். காட்டோரத்துக்கு நாலு கட்டாக்காலிப் பூனையைப் புதுசாக் கொண்டு போறது எனக்குச் சரியாப் படல. வீட்டுப் பூனையையும் ராத்திரியில உள்ளயே வைங்க.

தலவாக்கலைக்காரன்
தம்பி சொல்றது நியாயம். சிறுத்தையையும் நினைங்க. நம்ம தேயிலை மலையில சிறுத்தை நடமாட்டம் எல்லாருக்கும் தெரியும், நாயையே தூக்கிட்டுப் போகுது. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராம இருக்க வைக்கிற கம்பிக் கண்ணி வேற. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே கண்ணியில மாட்டிச் செத்துப்போச்சு. அவ்வளவு பலமான மிருகமே தப்பலைன்னா, இடம் தெரியாத பூனை எப்படித் தப்பும்?

ஊவா மலை
எனக்கு 60 தாண்டிட்டுது, தட்டச்சு மெதுவாத்தான் வரும். நான் கொஸ்லந்தைப் பக்கத்து ஆள். 2014 அக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில மலை சரிஞ்சப்போ எங்க லயத்தையும் காலி பண்ணச் சொன்னாங்க. உடுத்த துணியோட பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மனுசரையே மண்ணுக்குள்ள தேடின நேரம், பூனையை யாரு நினைச்சா? ஒரு கிழமைக்கப்புறம் சாமான் எடுக்க விட்டாங்க. எங்க காம்பராவுல அடுப்பு அணைஞ்சு சாம்பல் ஈரமாயிருந்துச்சு. அந்தச் சாம்பலுக்குள்ள எங்க பூனை படுத்திருந்துச்சு, எலும்பும் தோலுமா. பக்கத்துக் காம்பராக்கள்லயும் அதே மாதிரி. எலி பிடிச்சுப் பிழைக்கும்னு சொல்ற தம்பிக்குச் சொல்றேன்: சனம் போனா அரிசி போகும், அரிசி போனா எலியும் போகும். லயத்துப் பூனை லயத்துச் சனத்தோட பிழைச்சது.

மகளே, உனக்கு ஒரு மாசம் கையில இருக்கு. எங்களுக்கு ஒரு மணித்தியாலம்கூட இருக்கல.

தலவாக்கலைக்காரன்
ஐயா, நீங்க சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சேன். காலியான லயத்துல எலி நிக்காதுங்கிறது நான் யோசிக்காதது, அதை ஏத்துக்கறேன். ஆனாலும் தொட முடியாத பூனையைப் பிடிச்சு அடைக்கிறது கொடுமைன்னுதான் எனக்குத் தோணுது. கடிச்சா விசர் நோய், அதான் ரேபிஸ், அந்தப் பயமும் இருக்கு.

மருந்துப்பெட்டி
பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிறேன், இறுதி வருஷம். முதல்ல கடி பத்தி. பூனை கடிச்சாலோ பிறாண்டினாலோ சவுக்காரம் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அன்னிக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சள் பூசிட்டு வீட்டுல இருக்கக் கூடாது. அக்கா, ஆறு பூனைக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போடப் பாருங்க. வெறுங்கையால கட்டாக்காலியைப் பிடிக்கவே பிடிக்காதீங்க, கதவு விழற கூடுதான் வேணும்.

கட்டாக்காலியை இடம் மாத்தறது கடைசி வழின்னுதான் எங்களுக்கும் சொல்லித் தர்றாங்க. சோறு வைக்க ஒருத்தர் அங்கயே இருந்தா, கருத்தடை பண்ணி அதே இடத்துல விடறதுதான் நல்லது. உங்க விஷயத்துல இடமே இல்லாம போகுது. அப்போ மாத்தலாம், ஆனா முறை இருக்கு.

பிடிச்ச உடனே கருத்தடை பண்ணிடுங்க. பெட்டை 4, 5 மாசத்துலயே சினைப்படும், ஏறக்குறைய 65 நாள்ல குட்டி போட்டுடும். நாலுல ரெண்டு பெட்டைன்னா அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நீங்க பதில் சொல்ல முடியாது. மயக்கத்துல இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுவோம், ஆபரேஷன் ஆனதுன்னு தூரத்துல நின்னே தெரியும். பால் குடுத்து மடி இறங்கின பூனை கூட்டுல விழுந்தா குட்டி எங்கன்னு முதல்ல தேடுங்க. பால்குடிக் குட்டி தாயில்லாம செத்துடும்.

புது வீட்டுப் பின்பக்கம் வலையடிச்ச பெரிய கூடு ஒண்ணு, மேல தகரம், உள்ள ஒளிய ஒரு பெட்டி, ஈரம் படாத சாக்கு. நம்ம குளிருக்கு அது கட்டாயம். 3, 4 கிழமை அதுக்குள்ளயே வச்சு, தினம் ஒரே நேரத்துல, ஒரே குரல்ல கூப்பிட்டுச் சோறு வைங்க. முதல் ரெண்டு மூணு நாள் கம்பியில மோதும், துணியால மூடிவிட்டா அடங்கும். இவ்வளவு செஞ்சும் ஒண்ணு ரெண்டு ஓடிப் போகலாம். அதைச் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி.

ஓணான் நண்பன் சொன்னதுக்கு: கூடு காட்டோரம் வேணாம், வீட்டுச் சுவரோட ஒட்டி இருக்கட்டும். கருத்தடை ஆன, வயிறு நிறைஞ்ச பூனை ரொம்ப தூரம் சுத்தறது குறைவு. வேட்டையை அறவே விடும்னு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. பயணத்துல அடங்கிக் கிடக்கட்டும்னு யாராவது மனுசர் குளிசை குடுக்கச் சொல்வாங்க, குடுக்காதீங்க. காய்ச்சலுக்குப் போடற பனடோல் ஒண்ணே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஓணான் நண்பன்
கருத்தடை, வீட்டோட ஒட்டின கூடு ரெண்டும் இருந்தா நான் எதிர்க்கல அக்கா. கொண்டு போற நாலோட நிக்கட்டும்.

தலவாக்கலைக்காரன்
நான் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா கதவு விழற கூடு ஒண்ணு எங்க வீட்டுல சும்மா கிடக்கு, மரநாய்க்குன்னு அடிச்சது. ஹட்டன் பஸ்ல குடுத்து விடட்டுமா தங்கச்சி?

கொழுந்துக்கூடை
குடுத்து விடுங்க அண்ணே.

எல்லாருக்கும் நன்றி. ஊவா ஐயா எழுதினதை மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. ராத்திரி விறகு மடுவத்துப் பக்கம் அவங்களே கருவாட்டுத் தலை கொண்டு போய் வச்சாங்க.

வீட்டுக்காரர் பழைய தகரத்தை ஒதுக்கி வச்சிருக்காரு கூட்டுக்கு. புது வீட்டுக்குப் பக்கத்துல கோழி வளர்க்கிற அக்கா வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். கருத்தடை பண்ணிட்டுத்தான் கொண்டு வருவேன்னதும் சரின்னாங்க, கோழிக்குஞ்சைக் கூடையால கவுத்து வைக்கிறேன்னாங்க. பெட்டை ரெண்டையும் முதல்ல பிடிக்கப் போறேன், அதுல ஒண்ணுக்கு மடி இறங்கியிருக்கா இல்லையான்னு நாளைக்கு வெளிச்சத்துல பார்க்கணும்.

கிழட்டுக் கடுவன் ஒண்ணு இருக்கு, ஒத்தைக் கண்ணு. அது கூட்டுல விழும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. விழலைன்னா, நான் கொழுந்து எடுக்கிற அஞ்சாம் நம்பர் மலை லயத்துக்கு நேர் கீழதான். சாயந்தரம் கொழுந்து நிறுத்துட்டு மேல ஏறி வச்சிட்டு வருவேன்.