மரையடுக்கும் செருகடுக்கும்: ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டியின் பின்சக்கரத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் பற்சக்கரத் தொகுதிக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற கேள்வியோடு நம் கலைச்சொல் குழுமத்தின் இந்த இழை தொடங்கியது. வந்த பரிந்துரைகள் அனைத்தையும் இருமுறை படித்தேன். அவை எல்லாமே அந்தத் தொகுதி ஒரே வகைப் பொருள் என்று எண்ணிக்கொண்டு புறப்படுகின்றன. அது இருவகைப்படும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. இதை நான் பணத்தை இழந்து தெரிந்துகொண்டேன் என்பதால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது 26 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய மலைமிதிவண்டி. முன்னால் 42, 32, 22 பற்கள் கொண்ட மூன்று பற்சக்கரங்கள். பின்னால் 14 பல்லில் தொடங்கி 28 பல்லில் முடியும் ஏழு. இங்கே சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கு இது தாராளமாகப் போதும். சாங்கியிலிருந்து படகில் வண்டியை ஏற்றிக்கொண்டு பூலாவ் உபின் தீவுக்குச் சென்று, கேத்தாம் மலைமிதிவண்டிப் பூங்காவின் ஏற்றங்களில் மிதிக்கும்போதுதான் போதாமை தெரிகிறது. முன்னால் 22, பின்னால் 28 என்ற மிக இலகுவான இணையில்கூட, மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.6 மீட்டர் நகர்கிறது. பின்னால் 34 பல் இருந்தால் அதே சுற்றுக்கு 1.3 மீட்டர்தான் நகரும். வேகம் குறையும், முழங்காலின் சுமையும் அதே அளவுக்குக் குறையும். புது வண்டி வாங்காமல் அந்தத் தொகுதியை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, 34 பல் வரை செல்லும் ஒன்றை இணையத்தில் ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கினேன். திருப்பித் தர முடியாது என்பது முன்பே பேசிக்கொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வேலையைத் தொடங்கினேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி, தம் விடுதித் தோழர்களின் வண்டிகளையெல்லாம் பழுது பார்த்துக் கொடுப்பவர், உதவிக்கு வந்திருந்தார். நான் வாங்கியதைக் கையில் எடுத்து, நடுத்துளைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தவர், "இதுல மரையே இல்லையேண்ணே, வெறும் காடியாத்தானே வெட்டியிருக்கான்? உங்க வண்டில இது எங்கேண்ணே ஏறும்?" என்றார். ஒரு மாதமாக நாம் கவனிக்காமல் விட்ட வேறுபாட்டை அவர் மரை (திருகுப்புரி), காடி (நீள்பள்ளம்) என்ற இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார்.

முதல் வகையில், சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து சேரும் வண்டிக்குடத்தின் வெளிப்புறத்தில் மரை இருக்கும். பற்சக்கரத் தொகுதியின் உட்புறத்திலும் மரை இருக்கும். தொகுதி முழுவதும் ஒரே துண்டாகக் குடத்தின்மேல் திருகி ஏறும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கச் செய்கிற, டிக்டிக் என்று ஒலிக்கிற தடைப்பற்கள் இந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டாம் வகையில் தடைப்பற்கள் குடத்தோடு சேர்ந்த ஓர் உருளைக்குள் போய்விட்டன. அந்த உருளையின்மேல் நீளவாக்கில் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். பற்சக்கரங்கள் அந்தக் காடிகளில் செருகப்பட்டு, கடைசியில் ஒரு பூட்டுவளையத்தால் இறுக்கப்படும். இதில் தாங்குருண்டைகள் அச்சின் முனையை ஒட்டி அமைவதால் அச்சு எளிதில் வளைவதில்லை. இன்றைய நல்ல வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைக்கு மாறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பழைய வண்டிகளிலும் விலை குறைந்த வண்டிகளிலும் முதல் வகையே நீடிக்கிறது. சிக்கனமாக வண்டியை மேம்படுத்த நினைப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான் என்பதால், இந்தப் பெயர்க்குழப்பம் அவரையே முதலில் பாதிக்கிறது.

எதையும் கழற்றாமலே இரண்டையும் பிரித்தறியலாம். தொகுதியின் நடுவே கழற்றுகருவி பொருந்தும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பள்ளம் அசையாமல் நின்றால் அது திருகி ஏறியது. பற்களோடு சேர்ந்து சுற்றினால் செருகப்பட்டது.

இனிப் பெயருக்கு வருகிறேன். 'கட்டிலாச் சக்கரம்' என்றும் 'பேழை' என்றும் வந்த பரிந்துரைகள் 'ஃப்ரீவீல்', 'கேசட்' என்ற ஆங்கிலச் சொற்களின் தோலை உரித்துத் தமிழுக்குப் போர்த்தியவையாகவே எனக்குப் படுகின்றன. ஒலிப்பேழைக்குப் பேழை பொருந்தியது, அதில் நாடாவை வைத்து மூடிய ஒரு பெட்டி இருந்தது. இங்கே பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. கடையில் நிற்கும் ஒருவருக்கு 'பேழை' என்ற சொல் எதை வாங்க வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்று எதையுமே சொல்லாது.

நான் முன்வைப்பது இது. பொதுப்பெயர் பல்லடுக்கு. திருகி ஏறுவது மரையடுக்கு. செருகி ஏறுவது செருகடுக்கு. பின்னது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை; செருகிய, செருகுகின்ற, செருகும் அடுக்கு என்று முக்காலத்துக்கும் விரியும். முதலில் இதற்கு இணையாகத் 'திருகடுக்கு' என்றே எழுதியிருந்தேன். ஆனால் திருகடுக்கு, செருகடுக்கு என்று தொலைபேசியில் சொன்னால் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழும். எந்த இரண்டு பொருள்கள் மாறிப்போகக் கூடாதோ அவற்றின் பெயர்கள் ஓசையில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. அதனால் இலக்கண அழகை விட்டுக்கொடுத்து மரைக்கு மாறினேன்.

மரை என்றால் மான் வகை அல்லவா என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டார். சங்கப் பாடல்களில் அப்படித்தான். ஆயினும், குழாயின் மரை தேய்ந்துவிட்டது, ஆணியின் மரை கழன்றுவிட்டது என்று நாள்தோறும் பேசுகிற எவருக்கும் மான் நினைவுக்கு வருவதில்லை. பட்டறையில் உயிரோடிருக்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியில் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும்: வல்லின றகரம் போட்டால் அது வேதமாகவும் மறைப்பதாகவும் பொருள்படும்.

'காடியடுக்கு' என்ற பரிந்துரை நுட்பமானது. தமிழ்நாட்டு அன்பர்களுக்கு அதில் குறை தெரியாது. ஆனால் மலேசியாவிலும் இங்கே மூத்தவர்கள் சிலரிடத்திலும் காடி என்றால் கார். காடியடுக்கு என்று சொன்னால் அவர்கள் பலமாடி வாகன நிறுத்துமிடத்தைத்தான் நினைப்பார்கள். மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒரு சொல் அமைய வேண்டும் என்பதால் அதை ஏற்க இயலவில்லை.

பெயர் சரியாக இருந்தால் வேலையும் விளங்கும் என்பதற்கு என் வண்டியே சான்று. மரையடுக்கு ஒவ்வொரு மிதிக்கும் மேலும் இறுகும். ஆகவே ஆண்டுக்கணக்கில் ஓடிய ஒன்றை எதிர்த்திசையில் கழற்ற நீண்ட திருகுசாவியும் உடல் எடையும் வேண்டும் என்பதை அந்தச் சொல்லே முன்கூட்டி உணர்த்துகிறது. நானும் அந்தத் தம்பியுமாகச் சேர்ந்து அழுத்தியபோது 'டக்' என்று ஒரு சத்தம், அதன்பின் கையாலேயே சுற்றி எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ஷிமானோவின் 14 முதல் 34 வரையிலான மரையடுக்கை ஏற்றினேன். 14, 16, 18, 20, 22, 24 என்று ஆறு சக்கரங்கள் பழையதில் இருந்தபடியே இருக்க, ஏழாவது மட்டும் 28க்குப் பதிலாக ஒரே தாவலில் 34 ஆகிறது. ஏழுக்கு ஏழு என்பதால் இடைவெளி மாறவில்லை. கைப்பிடியிலுள்ள மாற்றுவிசையின் சொடுக்குகள் அப்படியே பொருந்தின. பின்புறச் சங்கிலிமாற்றி நீண்ட கையுடையது என்பதால் அதையும் மாற்றவில்லை. அதன் மேல் உருளை 34 பல்லில் உரசாதபடி ஒரு திருகை மட்டும் முடுக்கினேன். சங்கிலியை அளந்தேன்: 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும், அரைக்கால் அங்குலம் கூடியிருந்தது. அவ்வளவு நீண்ட சங்கிலி புதிய பற்களைத் தின்றுவிடும். பெரிய சக்கரத்தைச் சுற்றிவர நீளமும் போதாது. புதியது ஒன்றை வாங்கிப் போட்டேன். கழற்றுகருவியும் சேர்த்து 50 வெள்ளிக்குள் முடிந்தது. வீணாகிப்போன செருகடுக்கின் விலை இதில் சேரவில்லை.

மேலே சங்கிலிமாற்றி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குத் 'தடம்புரட்டி' என்பது 'derailleur' என்ற பெயரின் பிரெஞ்சு மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள்தான். ஆனால் தடம் புரள்வது தமிழில் ரயில் விபத்தைக் குறிக்கும் தொடர். வேலை செய்யும் பாகத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. செருகடுக்கு ஏறி அமரும், தடைப்பற்களைத் தனக்குள் வைத்திருக்கும் அந்த உருளைக்கு என்ன பெயர்? மாட்டுவண்டியின் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டையைக் குடம் என்கிறோம். அதை வைத்துக் 'காடிக்குடம்' என்று எழுதிப் பார்த்தேன். குடத்தோடு சேர்ந்து வரும்போது காடி காராகக் குழம்பாது என்று எண்ணுகிறேன். மலேசிய அன்பர்கள் தங்கள் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை எழுதினால், அதன்பின் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்தே நம் பட்டியலில் ஏற்றலாம்.