திங்கட்கிழமை காலையில் மட்டும் ஃப்ளஷ் தண்ணீர் நாறுவது ஏன்?

கேள்வி:
சென்னையில் 8 மாடி அலுவலகம், 800 பேர். எஸ்டிபியில் (கட்டடத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சுத்திகரித்த தண்ணீர்தான் ஃப்ளஷ்ஷுக்கு. மொட்டைமாடியில் அதற்கென 20,000 லிட்டர் தொட்டி. வாரநாளில் தொல்லை இல்லை. திங்கள் காலை முதல் ஃப்ளஷ்ஷிலேயே அழுகிய முட்டை நாற்றம். சிஸ்டர்ன் (கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி) மூடியைத் திறந்தால் உட்சுவரில் கறுப்பாக, வழவழவென்று படிந்திருக்கிறது. குளோரினைக் கூட்டியும் பயனில்லை. டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் நன்றாகவே வருகிறது. எங்கே கோளாறு?

பதில் 1:
முதலில் தொட்டிக் கணக்கு. தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி அலுவலகத்தில் ஆளுக்கு நாளுக்கு 45 லிட்டர். அதில் ஃப்ளஷ்ஷுக்கு 20. உங்களுக்கு 16,000 லிட்டர். வெள்ளி மாலை தொட்டியை நிரப்பினால் அது இரண்டரை நாள் வெயிலில் அசையாமல் கிடக்கும். குளோரின் தீரும், அடுத்து ஆக்சிஜன் தீரும், அப்புறம் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளி மதியத்துக்குமேல் தொட்டியை நிரப்பாதீர்கள். திங்கள் காலை ஆட்கள் வருமுன் புதுத் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் கடைசிக் கழிப்பறையில் இரண்டு முறை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள்.

அந்த மஞ்சளை நம்ப வேண்டாம். ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து, அம்மோனியாவோடு கட்டுண்ட குளோரினுக்கும் மஞ்சள் காட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டும் டிபிடி கிட் வாங்கித் தனிக் குளோரினை (எதோடும் கட்டுண்ணாத குளோரின்) பாருங்கள். அநேகமாகப் பூஜ்யம்தான் வரும். அலுவலகக் கழிவுநீரில் குளியல், துவையல் தண்ணீர் கிடையாது, சிறுநீரே அதிகம். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும். லிட்டருக்கு 15 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் மிஞ்சினால் எவ்வளவு ஹைப்போ (குளோரின் திரவம்) ஊற்றுவீர்கள்? எஸ்டிபியின் காற்றூட்டத் தொட்டியிலேயே அந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறியாக வேண்டும். அங்கே கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறதா? பிஎச் எவ்வளவு?

கேட்டவர்:
பிஎச் 6.2. சனி, ஞாயிறு ப்ளோயரை (காற்றூட்டத் தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்திவிடுகிறோம், கரண்ட் மிச்சமாகட்டும் என்று.

பதில் 1:
இரண்டும் தப்பு. ப்ளோயரை அடியோடு நிறுத்தினால் கசடு அழுகும். விடுமுறையிலும் மணிக்கு 15 நிமிடமாவது ஓடட்டும். சமன்செய் தொட்டியில் (வரும் கழிவுநீர் முதலில் சேரும் தொட்டி) கொஞ்சம் கழிவுநீரை நிறுத்திவைத்து அவ்வப்போது விடுங்கள், பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் மாற 7 மி.கி.க்கு மேல் காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்துதான் பிஎச் இறங்கியிருக்கிறது. ஆப்ப சோடா போடுங்கள். லிட்டருக்கு 100 மி.கி. காரத்தன்மை கூட்ட 1,000 லிட்டருக்கு 168 கிராம். நாளுக்கு 36,000 லிட்டர் என்றால் சுமார் 6 கிலோ. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டு, பிஎச் 7க்கு மேல் நிலைக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
நாற்றத்தைவிட ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழிப்பறையில் கழுவும் கைத்தெளிப்பான்) இணைப்பு எங்கிருந்து? பல இடங்களில் ப்ளம்பர்கள் டூ-இன்-ஒன் ஆங்கிள் காக் (இரண்டு வாய் உள்ள சுவர்க் குழாய்) மாட்டி, ஒரு வாயை சிஸ்டர்னுக்கும் மறு வாயை ஃபாசெட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். சாதாரணக் கட்டடத்தில் பரவாயில்லை. உங்கள் கட்டடத்தில் அது மேலில் படுகிற கழிவுநீர். மாடிக்கு வரும் நல்ல தண்ணீர் வால்வை மூடி, ஃபாசெட்டை அழுத்துங்கள். குழாயில் மிச்சமிருந்தது வடிந்த பிறகும் வந்துகொண்டே இருந்தால் தப்பான லைன். எல்லா மாடியிலும், கை கழுவும் குழாய்களிலும் இதைச் செய்யுங்கள்.

ஃப்ளஷ் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஏற்றும் குழாயையும் பாருங்கள். அதன் வாய் தொட்டிக்குள் மூழ்கக் கூடாது. நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும், 50 மி.மீ. குழாய்க்கு 100 மி.மீ. நடுவில் வால்வு வைத்து இரண்டு லைனையும் இணைத்திருந்தால், வால்வை மூடிவைத்தால் போதும் என்று விடாதீர்கள். அந்தத் துண்டையே அறுத்து எடுத்து இரு முனையிலும் எண்ட் கேப் போடுங்கள்.