மூணாவது தடவை வரும் சூட்டுக்கட்டி: மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி, அனுபவப் பகிர்வு

நுண்ணுயிரியல் லேப்:

சித்திரை, வைகாசியில் லேபுக்கு வரும் சீழ் மாதிரிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே வரலாறுதான். தொடையிலோ அக்குளிலோ கட்டி. ‘உடம்பு சூடு’ என்று இளநீர், எண்ணெய்க் குளியல். அப்புறம் கடையில் கேட்டு வாங்கிய செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து மாத்திரை. கட்டி அமுங்கும், பத்து நாளில் பக்கத்திலேயே இன்னொன்று எழும். மூணாவது தடவைதான் கல்ச்சர், அதாவது சீழில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பேச்சே வரும்.

வெயிலுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. வேர்வை, உராய்வு, வேர்க்குருவைச் சொறிந்த கீறல் எல்லாம் வழி திறந்துவிடும். ஆனால் உள்ளே போய்ச் சீழ் வைப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பத்தில் மூணு பேருக்கு மூக்குக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமி அது. எதிர்ப்புச் சக்தி பெறாத சாதா ஸ்டாஃபிடம்கூட செஃபிக்ஸிம் சரியாக எடுபடாது என்பதுதான் இதில் வேதனை.

மாதிரி எடுப்பதிலேயே பாதி கெட்டுப்போகிறது. பெட்டாடின் போட்டுத் துடைத்த புண்ணில் அப்படியே ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்தால் ‘வளர்ச்சி இல்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். மேலே காய்ந்திருக்கும் சீழைத் தொட்டு எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமிதான் வளரும். சலைனால் கழுவிவிட்டு, கட்டியைக் கீறும்போது உள்ளிருந்து வரும் சீழைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். ரெண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வரட்டும். ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பாதீர்கள். அதில் கிருமி செத்துவிடும். முதல் மாத்திரைக்கு முன்னால் எடுத்த மாதிரிக்கு ஈடு இல்லை.

அடுத்து பிளேட். முல்லர்-ஹின்டன் அகர் என்ற கிருமி வளர்க்கும் கூழில் கிருமியைப் பூசி, 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் டிஸ்க் (ஆன்டிபயாடிக் ஏற்றிய சின்ன வில்லை) வைத்து, 33 முதல் 35 டிகிரியில் 16-18 மணி நேரம் விடுவோம். காலையில் டிஸ்கைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை அளந்தால் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதா ஸ்டாஃப். 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப். இன்குபேட்டர் 37-இல் ஓடினால் சில எம்.ஆர்.எஸ்.ஏ. சாதாவைப் போல நடித்துத் தப்பிவிடும். அதனால் தெர்மாமீட்டரை நம்புங்கள், டயலை அல்ல.

ரிப்போர்ட்டில் செஃபாக்ஸிடின் ‘ஆர்’ (மருந்துக்கு அடங்காது) என்று வந்துவிட்டால் அமாக்ஸிக்ளாவ், செஃபலெக்ஸின், செஃப்ட்ரியாக்ஸோன், ஏன் மெரோபெனம்கூட வேலைக்கு ஆகாது. செஃப்டாரோலின் மாதிரி ஓரிரண்டு மட்டுமே விதிவிலக்கு. மெக்-ஏ என்ற மரபணு, செல் சுவரைக் கட்டும் புரதத்துக்கு ஒரு மாற்றை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது; பென்சிலின் குடும்பத்து மருந்துகளால் அதைப் பிடிக்க முடிவதில்லை. மெத்திசிலின் 1959-இல் வந்தது; 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கு அடங்காத ஸ்டாஃப் பதிவாகிவிட்டது.

கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு ‘எஸ்’ (மருந்துக்கு அடங்கும்) என்று பார்த்தவுடனே எழுதிவிட வேண்டாம். எரித்ரோமைசின் டிஸ்கைப் பக்கத்தில் 15-26 மி.மீ. தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி ‘டி’ எழுத்து மாதிரி தெரிந்தால், சிகிச்சையின் நடுவில் அந்த மருந்து கைவிட்டுவிடலாம்.

மருந்தாளுநர்:

லேப் சார் சொன்னதோடு ஒன்று. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு ட்யூபைக் கட்டிக்குப் பூசுகிறார்கள். சிவப்பு குறையும், உள்ளே சீழ் பெருகும். மூக்கில் இருக்கும் கிருமியை விரட்ட டாக்டர் 2 சதவீத மூப்பிரோசின் களிம்பு எழுதினால், தீக்குச்சித் தலை அளவு ஒவ்வொரு நாசியிலும், நாளுக்கு ரெண்டு வேளை, ஐந்து நாள். கூடவே 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. அதன் மேலேயே வழக்கமான சோப்பைத் தேய்த்தால் அதன் வீரியம் குறையும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வருகிறதென்றால் எல்லாரும் ஒரே வாரத்தில் செய்யணும். மிச்சமிருக்கும் மூப்பிரோசினைச் சிராய்ப்புக்கெல்லாம் தடவித் தீர்க்காதீர்கள். அதற்கும் எதிர்ப்பு வந்துகொண்டிருக்கிறது.

கபடி பயிற்சியாளர்:

2003-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 பேரில் ஐந்து பேருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. எல்லாம் செயற்கைப் புல்லில் உரசித் தோல் வழண்ட இடங்களில். நம் கபடி மேட்டில் (விரிப்பில்) முட்டியும் முழங்கையும் வழண்டு போவதும் அதே கதைதான். சிராய்ப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுசாக மூடிக் கட்டினால்தான் களத்தில் இறக்கணும். கட்டு நனைந்து சீழ் கசிந்தால், அது நிற்கும்வரை உட்கார வையுங்கள், எவ்வளவு நல்ல ரெய்டராக இருந்தாலும் சரி. துண்டு, ஷேவிங் பிளேடு, முட்டிப்பட்டை மூன்றும் ஆளுக்கு ஒன்று. மேட்டை என்ன கலந்து துடைப்பது, சிஸ்டர் சொல்லட்டும்.

வார்டு சிஸ்டர்:

முதலில் சோப்புத் தண்ணீர், அண்ணா. அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மி.லி.யோடு 980 மி.லி. தண்ணீர். துடைத்துப் பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டு, அப்புறம் வெறும் தண்ணீரில் துடையுங்கள். தினமும் புதிதாகக் கலக்கணும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்தால் விஷவாயு.

வார்டில் கிருமி படுக்கை விட்டுப் படுக்கை போவது நம் கையில் ஏறித்தான். ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20-30 விநாடி, கட்டைவிரலும் நகநுனியும் சேர்த்து. கிளவுஸ் கழற்றின பிறகும் போடணும், அதைத்தான் மறக்கிறோம். பி.பி. பட்டையை யாரும் துடைப்பதில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு நரம்பில் ஏற்றும் வேன்கோமைசின் ஒரு கிராமை நூறு நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்றுங்கள். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் அது வேகத்தால் வருவது. ஏற்றுவதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னால் அடங்கியபின் மெதுவாகத் தொடரலாம். சரிபார்க்காமல் கேஸ் ஷீட்டில் ‘அலர்ஜி’ என்று எழுதிவிட்டால், நாளைக்கு அந்த நோயாளிக்குத் தேவைப்படும்போது ஒரு நல்ல மருந்து கைநழுவிப் போயிருக்கும்.

வீட்டில் கட்டியைப் பிதுக்க வேண்டாம். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றி வந்ததைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்புப் பத்தும் வேண்டாம், தோல் வெந்துவிடும். தாங்கக்கூடிய வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிஷம், நாளுக்கு மூணு நாலு தடவை. பழுத்தால் கீறி வடிப்பது டாக்டர் வேலை. சின்னக் கட்டிக்குப் பல நேரம் அதுவே போதும். சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரம் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சுகர் இருந்தாலோ, காலை ஓ.பி. வரை காத்திருக்காமல் அப்போதே கூட்டி வாருங்கள்.