5520 கன்ட்ரோலரில் இரட்டை அப்லிங்க்: போர்ட்-சேனல் ஏறவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
சிஸ்கோ 5520 வைஃபை கன்ட்ரோலர், அதில் ஓடும் மென்பொருள் ஏர்ஓஎஸ். அதன் இரண்டு 10 ஜி போர்ட்டுகளையும் ஒரே ஸ்டாக்கில் (ஒன்றாக இணைந்து ஒரே ஸ்விட்ச் போல இயங்கும் தொகுப்பு) உள்ள இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு ஆளுக்கொன்றாக இழுத்திருக்கிறேன். ஒரு ஸ்விட்ச் படுத்தாலும் வைஃபை நிற்கக் கூடாது. கன்ட்ரோலரில் லேக் (பல போர்ட்டுகளை ஒரே இணைப்பாகச் சேர்ப்பது) எனேபிள் செய்து ரீபூட்டும் ஆயிற்று. ஸ்விட்ச் பக்கம் போர்ட்டுகளைப் போர்ட்-சேனலாகச் சேர்க்க 'சேனல்-குரூப் 10 மோட் ஆக்டிவ்'. ஆனால் 'ஷோ ஈதர்சேனல் சம்மரி'யில் இரண்டு போர்ட்டுக்கும் பக்கத்தில் சின்ன எஸ் நிற்கிறது. எஸ்எஃப்பி, கேபிள் இரண்டையும் மாற்றியும் அதே கதைதான்.

பதில் 1:
கேபிள் மேல் தப்பில்லை. இரு முனைகளும் பேசி லிங்குகளைச் சேர்க்கும் நெறிமுறைகள் எல்ஏசிபி, பிஏஜிபி; ஏர்ஓஎஸ்ஸுக்கு இரண்டுமே தெரியாது. ஆக்டிவ் மோடில் ஸ்விட்ச் எதிர்முனையின் எல்ஏசிபி பாக்கெட்டுக்குக் காத்திருந்து, வராததால் போர்ட்டை சஸ்பெண்ட் செய்கிறது. அந்தச் சின்ன எஸ் அதுதான். இரண்டு போர்ட்டையும் ஷட் செய்யுங்கள், பழைய சேனல்-குரூப்பை எடுங்கள், 'மோட் ஆன்' (பேசாமலேயே சேர்ப்பது) போட்டு நோ ஷட். இப்போது பி (சேனலில் சேர்ந்தது) என்று வர வேண்டும்.

மோட் ஆன் கண்மூடித்தனமானது. கேபிள் தப்பான போர்ட்டில் போனாலும் மறுக்காது. ஸ்விட்ச் லாகில் மேக் ஃப்ளாப் (ஒரே மேக் முகவரி போர்ட் மாறி மாறித் தெரிவது) செய்தி வந்தால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்.

பதில் 2:
லேக் எனேபிள் செய்ததில் இன்னொன்றும் நடந்திருக்கும்: எல்லா டபிள்யூலேனும் (வைஃபை நெட்வொர்க்) டிசேபிள் ஆகி மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸுக்கு மாறியிருக்கும். லிங்க் ஏறியதும் 'ஷோ டபிள்யூலேன் சம்மரி' பார்த்து, ஒவ்வொன்றையும் உரிய இன்டர்ஃபேஸில் கட்டி எனேபிள் செய்யுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் "எஸ்எஸ்ஐடியே (வைஃபை பெயர்) காணோம்" என்று ட்ரங்கை (பல விலேன்களை, அதாவது பிரித்த நெட்வொர்க்குகளை, சுமக்கும் லிங்க்) குடைகிறார்கள்.

ட்ரங்கிலும் ஒரு கண் வையுங்கள். கன்ட்ரோலரில் மேனேஜ்மென்ட் விலேன் எண் 0 என்றால் பாக்கெட் டேக் (விலேன் எண் குறி) இல்லாமல் போகும், அப்போது ஸ்விட்ச்சின் நேட்டிவ் விலேன் (டேக் இல்லாதவை சேரும் விலேன்) மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கின் விலேனாகவே இருக்க வேண்டும். டேக் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கேட்டவர்:
மோட் ஆன் போட்டதும் ஏறிவிட்டது, டபிள்யூலேன்களும் சரி. ஆனால் டிராஃபிக் முழுக்க ஒரே லிங்கில் போகிறது, இரண்டாவது சும்மா கிடக்கிறது.

பதில் 1:
ஸ்விட்ச்சின் ஹேஷ் (எந்த லிங்கில் அனுப்புவது என்று முடிவு செய்யும் கணக்கு) சோர்ஸ் மேக்கை மட்டும் பார்க்கிறதா? ஏபிக்கள் (வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள்) வேறு சப்நெட்டில் இருந்தால், அவை கன்ட்ரோலருக்கு அனுப்பும் எல்லா கேப்வாப் பாக்கெட்டும் கேட்வேயின் ஒரே மேக்கோடுதான் வரும், எனவே ஒரே லிங்க். கன்ட்ரோலரோ, வந்த போர்ட்டிலேயே பதிலைத் திருப்பும். அதாவது பிரித்து அனுப்புவது முழுக்க ஸ்விட்ச் பொறுப்பு. 'போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி' போடுங்கள். இது ஸ்விட்ச் முழுக்கப் பொருந்தும் அமைப்பு, மற்ற சேனல்களும் மாறும்.

பதில் 3:
பின்னால் ஹெச்ஏ ஜோடி (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும் இரு கன்ட்ரோலர்கள்) போட்டால், இரண்டு கன்ட்ரோலரின் போர்ட்டுகளையும் ஒரே சேனலில் சேர்த்துவிடாதீர்கள். முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 11 எனத் தனித்தனி. ஸ்டாக் இல்லாத இரு தனி ஸ்விட்ச்சுகள் என்றால் லேக்கே ஆகாது. அதை டிசேபிள் செய்து, இன்டர்ஃபேஸ்தோறும் பிரைமரி போர்ட், பேக்கப் போர்ட் கொடுக்க வேண்டும்.

ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். மேனேஜ்மென்ட் ஐபிக்கு பிங் ஓடவிட்டு, ஸ்டாக்கின் ஆக்டிவ் ஸ்விட்ச்சையே பவர் ஆஃப் செய்யுங்கள். அது திரும்ப ஸ்டாக்கில் சேரும் நேரத்திலும் பிங்கைக் கவனியுங்கள்.