துப்பாக்கியோடு வந்த பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும், அவசரம்

நண்பர்களே, ஒரு ஏலப் பட்டியலைத் திங்கட்கிழமைக்குள் தமிழாக்கித் தரவேண்டும், ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பொருள், கோல்ட் (Colt) 1851 நேவி ரிவால்வர், லண்டன் பிம்லிக்கோ தொழிற்சாலையில் செய்தது (அது ஓடியதே 1853 முதல் 1856 வரைதான்). கூடவே ஓக் மரப் பெட்டி. உள்ளே பச்சைக் கம்பளித் துணி, வெடிமருந்துக் குடுக்கை, குண்டு வார்க்கும் அச்சு, கேப்பு டப்பி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. இந்தப் பெட்டி துப்பாக்கியோடு அன்றைக்கே விற்றதா, பின்னால் யாரோ தேடிப்பிடித்துச் சேர்த்ததா என்பதில்தான் விலையே இருக்கிறது. முதல் வகைக்கு "மூலப்பெட்டி" என்று எழுதினேன். வீட்டில் படித்துவிட்டு, மூலத்துக்கு மருந்து வைக்கிற பெட்டியா என்கிறார்கள்.

> மூலப்பெட்டி

அசல் பெட்டி என்று போடுங்கள், முடிந்தது. பத்திரத்தில் அசல், நகல் என்று ஊரே சொல்கிறது.

> அசல் பெட்டி

அரபுச் சொல் ஐயா அது! பெட்டியும் வேண்டாம், பேழை என்க. அகன்ற வாயைப் பேழ்வாய் என்கிறோம், அந்தப் "பேழ்" தான் வேர். துப்பாக்கியும் துருக்கியிலிருந்து வந்ததே. குறளில் மழைக்கு வரும் "துப்பாக்கி" உணவாக்கி என்ற பொருளில் வருவது, அதைக் காட்டி யாரும் கிளம்பவேண்டாம். ஆயுதத்துக்குப் பழைய சொல் எஃகம் இருக்கிறது. சுழலெஃகப் பேழை எனலாம்.

> சுழலெஃகப் பேழை

புலவர் ஐயா, மிக்ஸி விற்கிறார்கள் என்று நினைப்பார்கள். பேழை என்றாலே எனக்கு நோவாதான் வருகிறார். உடன்பிறந்தார் மாதிரி "உடன்பெட்டி" எனலாமே, மற்றதைச் "சேர்த்துவைத்த பெட்டி" என்போம். அப்புறம், கேப்பைக் கேப்பு என்றே விடுங்கள், தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வெடித்தவர்களுக்கு விளக்கம் எதற்கு? துப்பாக்கியின் சுத்தியல் தட்டியதும் செம்புக் குப்பிக்குள் இருக்கும் வெடிக்கூட்டு பொறிவிட்டு வெடிமருந்தைப் பற்றவைக்கும், அவ்வளவுதான்.

> உடன்பெட்டி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் ஏலத்தில் கூட வருவதெல்லாம் உடன்தானே, சேர்த்துவைத்ததும் உடன்தான் வரும். பெட்டியைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது துணியை. ஒரே இடத்தில் 150 வருஷம் கிடந்த துப்பாக்கி, சுத்தியல் இருந்த இடம், குழல் இருந்த இடம் என்று தடம் பதித்திருக்கும். அந்தத் தடத்தில் துப்பாக்கி உட்காராவிட்டால் சந்தேகம்தான். பிரெஞ்சுப் பாணியில் துப்பாக்கியின் வடிவத்துக்கே குழித்த பெட்டி என்றால் குழியே பாதி சாட்சி. தடத்தையும் புதிதாக உண்டாக்குகிற ஆட்கள் உண்டு, அதனால் அசல் என்று நான் துணிந்து எழுதமாட்டேன். "தடம் பொருந்திய பெட்டி" என்பேன். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

> தடம் பொருந்திய பெட்டி

அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இது அடங்காது அண்ணா. நேரமும் இல்லை. "அசல் பெட்டி" என்று போட்டு அனுப்பிவிட்டேன், தடம் பற்றி விவரப் பகுதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

> அசல் பெட்டி

என் மறுப்பு பதிவாகட்டும். எஃகம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.