மூன்று மானிட்டர், டெபியன் 12: 4கே திரை 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை, பழைய திரை 1024×768-ல் நிற்கிறது

மெய்ப்புக்காரன்:

வணக்கம். விக்கிமூலத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். ஸ்கேன் பக்கம் ஒரு திரையில், உரை இன்னொன்றில், அகராதியும் குறிப்புகளும் மூன்றாவதில் என்று பரப்பி வைத்துக்கொள்ள ஆசை. ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் ‘ர’ எது, துணைக்கால் எது என்று கண் குழம்பிவிடுகிறது. 1978-க்கு முந்தைய அச்சு என்றால் கொம்பு வைத்த ‘லை’, ‘னை’ வேறு.

கணினி, அலுவலகத்தில் உழைத்து முடித்து ரிச்சி தெருவுக்கு வந்த சின்ன சிபியு. 6-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு டிஸ்பிளேபோர்ட். டெபியன் 12 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், திரையில் வரைந்து காட்டும் வேலைக்கு வேலாண்ட்.

நடுவில் 27 அங்குல 4கே. இடப்பக்கம் 24 அங்குலம், 1920×1080, ஸ்கேன் பக்கத்துக்காக நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். வலப்பக்கம் பழைய 19 அங்குலச் சதுரத் திரை, விஜிஏ மட்டும்தான் உண்டு.

மூன்றும் எரிகின்றன, அதுவரை சந்தோஷம். ஆனால் 4கே திரையில் மவுஸ் இழுத்து இழுத்து வருகிறது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறை வரைவது, மட்டும்தான் இருக்கிறது. 19 அங்குலத் திரைக்கு 1280×1024 வர வேண்டும், பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை. எழுத்து அளவும் தொல்லை: 4கே திரையில் மெய்யெழுத்தின் புள்ளியே தெரியவில்லை, பெரிதாக்கினால் பக்கத்துத் திரையிலிருந்து கொண்டுவரும் ஜன்னல் பூதாகரமாகிறது. லாகின் திரை வேறு படுத்துக்கொண்டு வருகிறது. எங்கிருந்து தொடங்க?

கடைசிபெஞ்சு:

விண்டோஸ் போட்டால் எல்லாம் தானாக வரும் சார்.

தெர்மினல்தம்பி:

30 ஹெர்ட்ஸ் எந்த ஓஎஸ் போட்டாலும் 30-தான் அண்ணே, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மெய்ப்புக்காரரே, எந்தத் திரை எந்தப் போர்ட்டில் போகிறது, நடுவில் என்ன கேபிள், என்ன கன்வெர்ட்டர், இதை முதலில் சொல்லுங்கள். முக்கால்வாசி பதில் அதில்தான் இருக்கும். ஓஎஸ்ஸில் கை வைக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

மெய்ப்புக்காரன்:

4கே: எச்டிஎம்ஐ-க்கு எச்டிஎம்ஐ, மானிட்டரோடு வந்த கேபிள். 24 அங்குலம்: டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ போகும் கேபிள், கடையில் வாங்கியது. 19 அங்குலம்: டிஸ்பிளேபோர்ட்டில் விஜிஏ கன்வெர்ட்டர், அதன் பின்னால் ஒரு நீல முனை கேபிள்.

இதை எழுதும்போதே தோன்றியதால் 4கே-யையும் 24-ஐயும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது 4கே டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து வருகிறது. அப்படியும் 30 ஹெர்ட்ஸ்தான்.

தெர்மினல்தம்பி:

எதிர்பார்த்ததுதான். 6-ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸில் எச்டிஎம்ஐ 1.4-தான். 4கே-யை நொடிக்கு 60 முறை வரைய 594 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) வேண்டும். எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சமே 340. அதனால் 297-ல் ஓடும் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மானிட்டர், கேபிள் இரண்டும் 2.0 என்றாலும் அனுப்பும் முனை 1.4 என்றால் அவ்வளவுதான்.

இடம் மாற்றியும் ஏன் வரவில்லை என்றால், அந்தக் கேபிள் பெரும்பாலும் பாசிவ் வகை. உள்ளே சிக்னலை மாற்றும் சிப் இருக்காது, மின்னழுத்தத்தைச் சரிக்கட்டும் சின்னச் சுற்று மட்டும் இருக்கும். எதிரே எச்டிஎம்ஐ இருப்பதைக் கண்டுகொண்டு உங்கள் சிபியுவின் போர்ட்டே எச்டிஎம்ஐ சிக்னலை அனுப்புகிறது. போர்ட் பக்கத்தில் ‘டிபி’ எழுத்தோடு இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் இந்த வசதி உண்டு என்று பொருள். ஆகவே முனையின் வடிவம்தான் டிஸ்பிளேபோர்ட், போவது பழைய எச்டிஎம்ஐ-தான்.

இரண்டு முனையும் டிஸ்பிளேபோர்ட்டாக இருக்கும் கேபிள் ஒன்று வாங்குங்கள். உங்கள் போர்ட் 1.2, 4கே 60-ஐத் தாராளமாகத் தாங்கும். கையில் இருக்கும் பாசிவ் கேபிள் வீணில்லை: 1920×1080-க்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் போதும், 24 அங்குலத்துக்கு அதையே திரும்ப மாட்டிவிடுங்கள். அப்போது இரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் நிரம்பிவிடும், அந்த விஜிஏ கன்வெர்ட்டரும் டிஸ்பிளேபோர்ட் முனை என்பதால் அதற்கு இடம் இருக்காது. எச்டிஎம்ஐ முனை உள்ள கன்வெர்ட்டர் ஒன்றும் தேவைப்படும்.

நெல்லைநிரலி:

கூடவே ஒன்று. புதுக் கேபிள் போட்டும் 30-லேயே நின்றால், மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து டிஸ்பிளேபோர்ட் பதிப்பு என்ன என்று பாருங்கள். சில திரைகளில் 1.1 என்று வைத்தே வரும். அதை 1.2 ஆக்கும்வரை கணினிக்கு 60 ஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது.

19 அங்குலத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மானிட்டரும் ‘எனக்கு இன்னின்ன அளவு வரும்’ என்று ஈடிஐடி என்ற சிறு தகவல் துண்டைக் கணினிக்குத் தரும். அடிப்படைத் துண்டு 128 பைட். அது வந்து சேராவிட்டால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஆபத்தில்லாத அளவுகளை மட்டும் காட்டும். 1024×768 என்றாலே எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

சோதிக்க ரூட் என்ற அடி அடைவில் ‘சிஸ்’, அதற்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’ என்ற அடைவுக்குப் போங்கள். போர்ட்டுக்கு ஒரு அடைவு இருக்கும், ஒவ்வொன்றிலும் ‘ஈடிஐடி’ என்ற கோப்பு. அதன் அளவை ‘எல்எஸ்’ கட்டளை கொண்டு பார்க்காதீர்கள், அது எப்போதும் 0 என்றே காட்டும். ‘டபிள்யூசி’ கட்டளையோடு ‘-சி’ சேர்த்து எண்ணுங்கள். 128 அல்லது 256 வந்தால் தகவல் வருகிறது. 0 வந்தால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

மெய்ப்புக்காரன்:

எண்ணினேன். மற்ற இரண்டும் 256. விஜிஏ போகும் போர்ட்டில் 0.

நெல்லைநிரலி:

அப்படியானால் விஜிஏ கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. கடைசி வரிசையில் 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியும்தான் ஈடிஐடி போகும் வழி. மலிவுக் கேபிள்களில் இந்தக் கம்பிகளை விட்டுவிடுவார்கள். நிறங்கள் போகும் கம்பிகள் இருப்பதால் படம் வரும், தகவல் வராது. 9-ஆம் ஊசி இல்லாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பல நல்ல கேபிள்களிலும் அது இருக்காது. ஊசி இருந்தும் உள்ளே கம்பி இல்லாத கேபிள்களும் உண்டு, அதனால் வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

கேபிள் மாற்ற வழியே இல்லை என்றால் கர்னலிடம் நாமே சொல்லிவிடலாம். கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் கர்னலுக்குத் தரும் வரியில் ‘வீடியோ’ என்ற சொல், சமக்குறி, போர்ட்டின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு 1280, பெருக்கல் குறி இடத்தில் ஆங்கில எக்ஸ், 1024, @60 என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். போர்ட்டின் பெயர் அந்த டிஆர்எம் அடைவின் பெயரிலேயே இருக்கிறது, முன்னால் வரும் ‘கார்டு’ பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் தேடினால் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளை கொண்டு புது அளவைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள்தான் கொட்டும். அதெல்லாம் வேலாண்டுக்கு முந்தைய எக்ஸ்11 முறையின் காலத்துக் கதை. வேலாண்டில் எக்ஸ்ரேண்டர் வேடிக்கை பார்க்க மட்டும்தான், திரையை மாற்ற அதனால் முடியாது.

கடைசிபெஞ்சு:

அப்போ லாகின் செய்யும்போது பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸ்11-க்கே போய்விடலாமே? எக்ஸ்ரேண்டரும் வேலை செய்யும்.

வேலாண்ட்வாசி:

ஒரே மாதிரி மூன்று திரை என்றால் நானும் அதைச் சொல்லியிருப்பேன். இவர் நிலைமை வேறு. 27 அங்குல 4கே-யில் அங்குலத்துக்கு 163 பிக்சல், 24 அங்குலத்தில் 92. எக்ஸ்11-ல் க்னோம் எல்லாத் திரைக்கும் ஒரே அளவைத்தான் வைக்கும். வேலாண்டில் திரைக்குத் திரை தனி அளவு வைக்கலாம்.

மெய்ப்புக்காரர் ஐயா, கணக்குப்படி 4கே-க்கு 175 சதவீதம் வைத்தால் இரண்டு திரையிலும் எழுத்து கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். ஆனால் டெபியன் 12-ல் இருப்பது க்னோம் 43. அதில் 125, 150, 175 வேண்டுமென்றால் சோதனை வசதி ஒன்றைத் திறக்க வேண்டும். திறந்தால் பழைய எக்ஸ்11 முறையில் ஓடும் மென்பொருள்கள் மங்கலாகத் தெரியும். கியூடி 5 என்ற நிரல் தொகுப்பில் எழுதிய பலவும் க்னோமில் அப்படித்தான் ஓடுகின்றன, பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் உட்பட. மெய்ப்புப் பார்ப்பவருக்கு மங்கல் எழுத்து தலைவலி. 4கே-க்கு 200, மற்ற இரண்டுக்கும் 100 என்று முழு எண்ணாக வையுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அது உங்களுக்குச் சௌகரியம்தான்.

டெபியன் 13-க்குப் போகும் எண்ணம் இருந்தால், அதில் க்னோம் 48. 47-ஆம் பதிப்பிலேயே எக்ஸ்11 மென்பொருள்களைத் திரையின் உண்மையான அளவில் வரைய விடும் சோதனை வசதி வந்துவிட்டது, 175-ஐ அங்கே தைரியமாக முயலலாம். கேடிஇ பிளாஸ்மா 6-ம் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று திரைக்காக டெஸ்க்டாப்பையே மாற்றச் சொல்ல மாட்டேன்.

மெய்ப்புக்காரன்:

கேபிள் வாங்கி வந்தேன். மாட்டியும் 30-தான். நிரலி சொன்னபடி மானிட்டர் மெனுவுக்குள் போனால், அங்கே 1.1! 1.2 ஆக்கியதும் திரை ஒரு முறை அணைந்து எரிந்தது, பட்டியலில் 60 வந்து உட்கார்ந்துவிட்டது.

விஜிஏ-வுக்கு வீட்டுப் பரணிலிருந்து தடித்த பழைய கேபிள் ஒன்று கிடைத்தது, இரு முனையிலும் உருண்டை உருண்டையாக இருக்கிறதே, அந்த வகை. புது கன்வெர்ட்டரோடு அதை மாட்டியதும் 1280×1024 தானாக வந்தது. கிரப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. 200, 100 அளவும் வைத்தாயிற்று. நெட்டுக்குத்துத் திரையில் ஒரு முழுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை தெரிகிறது, ஸ்க்ரோல் செய்யவே வேண்டாம்.

மிச்சம் இரண்டு. லாகின் திரை இன்னும் படுத்துக்கொண்டுதான் வருகிறது. அப்புறம், சாப்பிடப் போகும்போது 4கே-யின் பட்டனை அழுத்தி அணைத்தால் அதிலிருந்த ஜன்னல்கள் எல்லாம் 19 அங்குலத் திரைக்கு ஓடிவிடுகின்றன.

தெர்மினல்தம்பி:

லாகின் திரை ஜிடிஎம் என்ற தனிப் பயனர் ஓட்டுவது, நீங்கள் செட்டிங்ஸில் வைத்தது அதற்குத் தெரியாது. உங்கள் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் ‘.கான்ஃபிக்’குக்குள் ‘மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பு இருக்கும். அதை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ‘வார்’, ‘லிப்’, ‘ஜிடிஎம்3’ என்ற வழியில் உள்ள ‘.கான்ஃபிக்’குக்குள் நகல் எடுங்கள். கோப்பின் உரிமையாளரை ‘டெபியன்-ஜிடிஎம்’ என்று மாற்றுங்கள். இதை விட்டால் படிக்க அனுமதி இல்லாமல் பேசாமல் பழையபடியே வரலாம், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. நாளைக்கு ஒரு கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பவும் நகல் எடுக்க வேண்டும், ஏனென்றால் கோப்பில் போர்ட்டின் பெயரும் இருக்கிறது.

நெல்லைநிரலி:

ஜன்னல் ஓடுவது: பல திரைகள் பட்டனால் அணைந்ததும் டிஸ்பிளேபோர்ட் இணைப்பையே விட்டுவிடும். கேபிளைப் பிடுங்கியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. மானிட்டர் மெனுவில் ஆழ்ந்த உறக்கம் என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அணைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டனைத் தொடாமல் விண்டோஸ் பட்டனோடு எல்-ஐ அழுத்திப் பூட்டிவிட்டுப் போங்கள், திரை தானே இருளும்.

கடைசிபெஞ்சு:

மூன்றையும் ஒரே யுபிஎஸ்-ல் மாட்டியிருக்கிறீர்களா? கரண்ட் போனால் சேமிக்க நேரம் கிடைக்காது. சிபியுவும் நடுத் திரையும் மட்டும் யுபிஎஸ்-ல் இருக்கட்டும்.

தெர்மினல்தம்பி:

அண்ணே, இது ஏற்கத் தகுந்த யோசனை.

மெய்ப்புக்காரன்:

லாகின் திரை நிமிர்ந்துவிட்டது, நன்றி. உறக்க வசதி என் மானிட்டரில் காணோம், பூட்டிவிட்டுத்தான் போகிறேன். யுபிஎஸ் விஷயமும் செய்தாயிற்று. இரவில் மூன்று திரையின் வெளிச்சத்தையும் ஒவ்வொன்றாகப் பட்டன் அழுத்திக் குறைக்கிறேன், அதற்கு ஏதாவது வழி?

நெல்லைநிரலி:

‘டிடிசியூடில்’ என்ற பொதியை நிறுவுங்கள். வெளிச்சத்துக்கான எண் 10, அதை ஆங்கிலத்தில் ‘செட்விசிபி 10’, பிறகு வேண்டிய அளவு என்று அடித்தால் திரை மங்கும். எந்தத் திரை என்று ‘டிஸ்ப்ளே’ எண்ணும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்றால் உங்கள் பயனரை ‘ஐ2சி’ குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள். விஜிஏ கன்வெர்ட்டர் வழியாகப் போகும் திரை பதில் சொல்லாமல் போகலாம், அதற்குப் பட்டன்தான்.